தரையில் கற்ற கடல்வழி

நில உலகின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பசிபிக் மாக்கடல் மூடியிருக்கின்றது. அதன் பரப்பளவு ஏறத்தாழ 16.5 கோடி சதுரக் கிலோமீட்டர். உலகிலுள்ள கண்டங்களையும் தீவுகளையும் ஒருங்கே திரட்டி அதனுள் இட்டாலும் இன்னும் இடம் எஞ்சும். அத்துணைப் பெரிய நீர்ப்பரப்பில் விதைத்த தானியம்போல் சிதறிக் கிடக்கின்றன சின்னஞ்சிறு தீவுகள். அவற்றுட் பல, நாழிகை ஒன்றில் குறுக்கே நடந்துவிடக்கூடிய அளவின. அவற்றைத் தேடிச் செல்பவனுக்கு ஓர் அங்குலப் புள்ளியும் கிடையாத பெருவெளிதான் வழித்துணை.

கப்பலில் செல்பவன் வழி தவறினால் பாயைச் சுருக்கிக்கொண்டு பொழுது புலரும்வரை காத்திருக்கலாம். வானூர்தியில் செல்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவன் தயங்கி நிற்கும் ஒவ்வொரு கணமும் எரிபொருள் குறைகின்றது. தொட்டி வற்றுவதற்குள் தீவு கண்ணிற்பட வேண்டும்; படாவிட்டால் கடல்தான் முடிவு. சுழல்விசிறி பூட்டிய பழைய விமானங்களில் பசிபிக்கின் தீவுகளைத் தேடிச் சென்றவர்களின் வரலாறு இந்த ஒற்றை நெருக்கடியைச் சுற்றியே அமைந்தது.

இன்று உலகெங்கும் பலர் தம் வீட்டு மேசையின் முன் அமர்ந்து அப்பயணங்களை மீண்டும் மேற்கொள்கின்றனர். கணினித் திரையில் 1930ஆம் ஆண்டுகளின் விமானம் ஒன்று ஓடுகின்றது. அருகே வரைபடமும் கடிகாரமும் பென்சிலும் இருக்கின்றன. செயற்கைக்கோள் துணையை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு, காற்றின் போக்கைக் கணக்கிட்டு, ஹவாயிலிருந்து மிட்வேக்கும் அங்கிருந்து வேக்குத் தீவிற்கும் அவர்கள் ‘பறக்கின்றனர்’. இதனை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. கடலைத் தரையிலேயே கற்றுக்கொள்ளும் முறை பசிபிக்கில் விமானம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே வேரூன்றியிருந்தது என்பதை அறிந்தால் அவ்வாறு ஒதுக்கத் தோன்றாது.

ஈர்க்கும் சோழியும்

பசிபிக்கின் நடுவே அமைந்த மார்ஷல் தீவுகளின் மக்கள் கடற்பயணத்திற்கென ஒருவகைப் படம் செய்துவந்தனர். ஈர்க்குகளையும் மெல்லிய குச்சிகளையும் சேர்த்துக் கட்டிய சட்டம் அது. வளைத்துக் கட்டிய குச்சிகள் கடலின் பேரலைகள் தீவில் மோதி வளையும் விதத்தைக் காட்டும். சோழிகள் தீவுகளைக் குறிக்கும். நம் நாட்டு வரைபடங்களைப்போல் அதனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கலம் செலுத்தியவர் எவருமிலர். படகில் ஏறுமுன் கரையில் அமர்ந்து அதனைப் பயின்றனர். பயின்றதை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு, படத்தைக் கரையிலேயே விட்டுச் சென்றனர். அதன் வேலை கற்பித்தலோடு முடிந்துவிட்டது.

கில்பர்ட் தீவுகள் என்று முன்னர் வழங்கிய கிரிபாட்டியில் கூரையே வானமாயிற்று. ஊர்ப்பொது மன்றத்தின் பெரிய கூரையை ஆசிரியர் வான்வெளியாகப் பாவித்தார். உத்திரமும் கைமரங்களும் வானத்தின் பகுதிகளைப் பிரிக்கும் கோடுகளாயின. இன்ன பருவத்தில், இன்ன நேரத்தில், இன்ன விண்மீன் எந்தக் கட்டத்தில் நிற்கும் என்று மாணவன் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தீவுகளில் ஆட்சிப் பணியில் இருந்த ஆர்தர் கிரிம்பிள் இம்முறையைக் கேட்டறிந்து எழுதி வைத்தார். மழை பெய்தாலும் பகலாயினும் அந்த வகுப்பு நடைபெறும். ஏனெனில் அவர்களின் வானம் கூரைக்கு உள்ளே இருந்தது.

கரோலின் தீவுகளில் இம்முறை இன்னும் ஒரு படி வளர்ந்திருந்தது. ஆசிரியர் பாயின்மேல் கற்களை வட்டமாக அடுக்குவார். ஒவ்வொரு கல்லும் ஒரு விண்மீன் எழும் இடத்தையோ மறையும் இடத்தையோ குறிக்கும். நடுவில் படகு. அந்தப் படகிலிருந்து இன்ன தீவிற்குச் செல்ல எந்த விண்மீனை நோக்க வேண்டும், திரும்பி வர எந்த விண்மீனை முதுகிற்குப் பின் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மாணவன் தடையின்றிச் சொல்லப் பழகுவான். சதாவால் தீவைச் சேர்ந்த மௌ பியாய்லுக் என்னும் புகழ்பெற்ற மீகாமன் மிக இளம் வயதிலேயே தம் பாட்டனாரிடம் இவ்வாறு பாடம் கேட்டவர்.

அம்மக்களின் கணக்கு முறையில் வியப்புக்குரிய கருத்து ஒன்று உண்டு. ‘எதாக்’ என்று அதற்குப் பெயர். கடலில் செல்லும் படகு அசையாமல் நிற்பதாகவும், தீவுகளே நகர்ந்து வருவதாகவும் மீகாமன் எண்ணிக்கொள்வான். பக்கவாட்டில் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கும் ஒரு தீவைக் குறியாகக் கொண்டு, அது ஒரு விண்மீனின் கீழிருந்து அடுத்த விண்மீனின் கீழ் பின்னோக்கி நகர்வதாகக் கணக்கிட்டு, தான் கடந்த தொலைவை அறிவான். தான் இருந்த இடத்தில் இருக்க, உலகம் நகர்கின்றது என்பதே அப்பாவனை. தரையில் நிலைநிறுத்திய பயிற்சிக் கருவிக்குள் அமர்ந்து, உலகம் தன்னை நோக்கி வருவதைக் காணும் இன்றைய விமானியின் நிலையும் இதுவே. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில், வேறு வேறு காலங்களில் வாழ்ந்த இரு மக்கள் ஒரே எண்ணத்தில் வந்து சேர்ந்திருக்கின்றனர்.

பயிற்சியின்றிப் புறப்பட்டோர்

இத்துணை நுட்பமான கல்விமுறை நிலவிய கடலின்மேல் விமானங்கள் வந்தபோது, தொடக்கத்தில் துணிவே முதற் கருவியாக இருந்தது. 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு ஒரு விமானப் பந்தயம் நடைபெற்றது. அன்னாசித் தொழிலில் செல்வம் ஈட்டிய ஜேம்ஸ் டோல் முதற் பரிசாக 25,000 டாலர் அறிவித்திருந்தார். இரண்டு விமானங்கள் மட்டுமே ஹவாயை அடைந்தன. இரண்டு கடலில் மறைந்தன. மறைந்தவற்றைத் தேடிச் சென்ற மற்றொன்றும் திரும்பவில்லை. பந்தயத்திற்கு முந்திய விபத்துகளையும் சேர்த்தால் பத்து உயிர்கள் போயின.

அடுத்த ஆண்டு அதே வழியில் புறப்பட்ட ‘சதர்ன் கிராஸ்’ விமானம் பசிபிக்கையே கடந்தது. மூன்று பொறிகள் கொண்ட போக்கர் வகை விமானம் அது. ஆஸ்திரேலியர்களான சார்லஸ் கிங்ஸ்போர்டு சுமித்தும் சார்லஸ் உல்மும் விமானத்தைச் செலுத்தினர். அமெரிக்கர்களான ஹாரி லயன் வழிகாணும் பொறுப்பையும் ஜேம்ஸ் வார்னர் கம்பியில்லாத் தந்திப் பொறுப்பையும் ஏற்றனர். 1928 மே 31ஆம் நாள் ஓக்லண்டிலிருந்து எழுந்த அவர்கள் 27 மணி நேரத்திற்குப் பின் ஹவாயில் இறங்கினர். அடுத்த கட்டமே கடுமையானது. ஹவாயின் காவாய்த் தீவிலிருந்து பீஜித் தீவின் சுவாவிற்கு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். இடையில் இறங்க ஓர் இடமும் இல்லை. பொறிகளின் பேரொலியில் ஒருவர் சொல் மற்றவர் காதில் விழாததால், தாள்களில் எழுதிப் பரிமாறிக்கொண்டே 34 மணி நேரத்திற்கு மேல் பறந்தனர்.

சுவாவில் விமானத் தளம் இல்லை. ஆல்பர்ட் பூங்கா என்னும் விளையாட்டுத் திடலில்தான் அவர்கள் இறங்கினர். பீஜி மண்ணை முதன்முதலாகத் தொட்ட விமானம் அதுவே. கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழரின் துயரைப் பாரதியார் பாடிய அதே பீஜிதான் அது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் பல வாரங்கள் துன்புற்று அங்கே சென்றவர்களும் அவர்தம் மக்களும் வாழ்ந்த தீவில், இரண்டே தாவலில் அமெரிக்காவிலிருந்து மனிதர் வந்து இறங்கினர். ஜூன் 9ஆம் நாள் சதர்ன் கிராஸ் பிரிஸ்பேனை அடைந்தது.

வெற்றி பெற்றவர்களுக்கும் கடல் சலுகை காட்டவில்லை. 1934 டிசம்பரில் சார்லஸ் உல்ம் மீண்டும் ஓக்லண்டிலிருந்து ஹவாய்க்குப் புறப்பட்டார். தீவைக் காணாமலே, தம் இரு துணைவரோடு மறைந்தார். 1935 நவம்பர் 8ஆம் நாள் கிங்ஸ்போர்டு சுமித் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூரை நோக்கி இரவுப் பயணமாக வந்துகொண்டிருந்தபோது அந்தமான் கடலில் காணாமற் போனார். சிங்கப்பூரில் இறங்க வேண்டிய அவ்விமானத்தின் சக்கரம் ஒன்று மட்டும் 1937இல் பர்மாக் கரையோரத் தீவொன்றில் கண்டெடுக்கப்பட்டது.

தெரிந்தே செய்த பிழை

துணிவோடு கணக்கையும் சேர்த்துக்கொண்டவருள் பிரான்சிஸ் சிசெஸ்டர் குறிப்பிடத்தக்கவர். நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்குத் தன்னந்தனியாகப் பறக்க அவர் விரும்பினார். அவரிடம் இருந்ததோ ‘ஜிப்சி மாத்’ என்னும் ஒற்றைப் பொறிச் சிறு விமானம். டாஸ்மன் கடலை ஒரே தாவலில் கடக்க அதன் எரிபொருள் போதாது. இடையில் இரண்டு சிறு தீவுகள் உண்டு: ஒன்று நார்போக், மற்றொன்று லார்டு ஹாவ். இரண்டிலும் விமானம் இறங்கத் தளம் இல்லை. ஆகவே சக்கரங்களைக் கழற்றிவிட்டு மிதவைகளைப் பொருத்திக்கொண்டு, 1931 மார்ச்சு மாத இறுதியில் அவர் புறப்பட்டார்.

தீவைக் காணாவிட்டால் திரும்பிச் செல்லவும் எரிபொருள் இராது. நேராகத் தீவை நோக்கிப் பறப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. சிசெஸ்டர் அவ்வாறு செய்யவில்லை. அதற்குரிய காரணம் எளிது, ஆயினும் ஆழ்ந்தது. காற்று விமானத்தை எப்பக்கமாகவும் ஒதுக்கியிருக்கலாம். கணக்குப்படி தீவு தென்பட வேண்டிய நேரத்தில் அது தென்படாவிட்டால், இடப்புறம் இருக்கின்றதா, வலப்புறம் இருக்கின்றதா என்று அறிய வழியில்லை. தவறான பக்கம் திரும்பினால் அத்தோடு கதை முடிந்தது.

ஆகவே அவர் தீவிற்கு ஒரு பக்கமாக, தவறு நேரக்கூடிய எல்லையைவிட மிகுந்த தொலைவு விலகி, வேண்டுமென்றே பிழையான திசையில் பறந்தார். செக்ஸ்டண்ட் என்னும் கோணம் அளக்கும் கருவியால் கதிரவனின் உயரத்தை அளந்தார். ஒரு நேரத்தில் கதிரவன் ஒரே உயரத்தில் தோன்றும் இடங்களையெல்லாம் இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். அக்கோடு கதிரவன் இருக்கும் திசைக்குக் குறுக்காகச் செல்லும். தீவின் வழியாகச் செல்லும் அக்கோட்டை அடைந்துவிட்டதாக அளவை காட்டியதும், தயக்கமின்றி ஒரே பக்கமாகத் திரும்பினார். தீவு அப்பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். ஏனெனில் மறுபக்கம் தாம் விலகி வந்திருப்பது அவருக்கு உறுதியாகத் தெரியும். நார்போக்கும் அகப்பட்டது, லார்டு ஹாவும் அகப்பட்டது.

அறியாமல் நேரும் பிழை மனிதனைக் கொல்லும். அறிந்து செய்த பிழை அவனைக் கரை சேர்த்தது. விமானத்தைக் கால்களாலும் முழங்கால்களாலும் அடக்கிக்கொண்டு, கையில் அளவைக் கருவியும் மடியில் மடக்கை அட்டவணையுமாக இக்கணக்கை அவர் தனியே செய்தார். லார்டு ஹாவ்த் தீவில் இறங்கிய இரவு புயற்காற்று அவர் விமானத்தைக் கவிழ்த்து நொறுக்கியது. தீவு மக்களின் துணையோடு வாரக்கணக்கில் உழைத்து, அதனைப் பிரித்து மீண்டும் கட்டி, எஞ்சிய கடலையும் அவர் கடந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையினருக்கு வழிகாணும் கலையைக் கற்பிக்கும் பணி அவரைத் தேடி வந்தது.

இசைக்கருவிப் பட்டறையில் பிறந்த விமானம்

இதே காலத்தில் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் ஓர் இளைஞர் பறக்காத விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். எட்வின் லிங்க் என்பது அவர் பெயர். தந்தையார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். அத்தொழிற்சாலையின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டே, கைப்பிடியை அசைத்தால் சாயவும் திரும்பவும் நிமிரவும் கூடிய சிறு பெட்டி விமானத்தை லிங்க் உருவாக்கினார். 1929இல் அது நிறைவு பெற்றது. விமானப் பள்ளிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே முதலில் அதனை வாங்கின; காசு கொடுத்துச் சிறுவர்கள் ஏறி மகிழ்ந்தனர்.

1934இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியார் நிறுவனங்களுடன் செய்திருந்த விமான அஞ்சல் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியைப் படை விமானிகளிடம் ஒப்படைத்தது. மேகத்தினூடும் பனியினூடும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி அவர்களுக்குப் போதிய அளவு இல்லை. சில மாதங்களுக்குள் பன்னிருவர் மாண்டனர். அப்பொழுது படை அதிகாரிகள் லிங்கை நியூவார்க்கிற்கு அழைத்தனர். வானிலை மோசமாக இருந்தமையால் அவர் வரமாட்டார் என்று கருதி அதிகாரிகள் புறப்பட எழுந்த வேளையில், மேகத்தைப் பிளந்துகொண்டு லிங்க் வந்து இறங்கினார். கருவிகளைக் கொண்டு பறக்கத் தாம் பயின்ற பயிற்சியே தம்மை அங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பதை அவர் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. படை முதலில் ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. ஏறத்தாழ ஐந்து இலட்சம் வான்படையினர் அவற்றில் பயின்றனர்.

விலை கொடுத்துக் கற்ற இப்பாடத்தைத் தாமே முன்னுணர்ந்து நடந்தவர்களும் உண்டு. பசிபிக்கின் குறுக்கே அஞ்சலும் பயணியரும் செல்ல வழி அமைத்த பான் அமெரிக்கன் நிறுவனம் கடலில் இறங்குமுன் ஒத்திகை பார்த்தது. 1935இல் அதன் பறக்கும் படகு ஒன்று, சான் பிரான்சிஸ்கோவிற்கும் ஹவாய்க்கும் இடைப்பட்ட தொலைவையொத்த தொலைவைப் பழகிய கரீபியக் கடலின்மேல் பறந்து சோதித்தது. ‘நார்த் ஹேவன்’ என்னும் கப்பல் மிட்வேக்கும் வேக்குத் தீவிற்கும் கட்டடப் பொருள்களையும் ஆட்களையும் கொண்டுசென்றது. தீவுகளில் திசை காட்டும் வானொலி நிலையங்கள் எழுந்தன. அதன்பின்னரே 1935 நவம்பர் 22ஆம் நாள் ‘சைனா கிளிப்பர்’ என்னும் நான்கு பொறிப் பறக்கும் படகு எட்வின் மியூசிக்கின் தலைமையில் புறப்பட்டது. ஹனலூலு, மிட்வே, வேக்கு, குவாம் ஆகிய இடங்களில் தங்கி, நவம்பர் 29ஆம் நாள் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட கடிதங்களுடன் மணிலாவை அடைந்தது. அதன் மீகாமனாக இருந்தவர் பிரெட் நூனன்.

ஹவ்லண்டு

பிரெட் நூனன் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொரு பயணத்தால். 1937இல் அமேலியா ஏர்ஹார்ட் நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றிவர முயன்றபோது அவருக்கு வழி காணும் பொறுப்பை நூனன் ஏற்றார். விமானம், இரட்டைப் பொறி கொண்ட லாக்ஹீடு எலெக்ட்ரா. அவ்விருவரும் ஜூன் 20ஆம் நாள் சிங்கப்பூருக்கு வந்தனர். காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டு எட்டே நாள்கள் ஆகியிருந்தன. மறுநாள் அவர்கள் பாண்டுங்கிற்குப் புறப்பட்டுச் சென்றனர்.

ஜூலை 2ஆம் நாள் காலை பத்து மணிக்கு நியூகினியின் லே நகரிலிருந்து அவர்கள் எழுந்தனர். அடைய வேண்டிய இடம் ஏறத்தாழ 4,110 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஹவ்லண்டுத் தீவு. அதன் நீளம் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. உயரமோ கடல்மட்டத்திற்கு மேல் ஆறு மீட்டர் அளவே. இத்தொலைவில் திசை ஒரு பாகை பிசகினால் விமானம் எழுபது கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போய்விடும். காலை வெயிலில் சிறு மேகங்களின் நிழலும் தீவாகத் தோன்றும். தீவும் மேகத்தின் நிழலாகத் தோன்றும்.

இருபது மணி நேரம் இரவும் பகலுமாகப் பறந்து, அவர்கள் தீவின் அருகே வந்துவிட்டனர் என்பதில் ஐயமில்லை. தீவின் பக்கம் காத்திருந்த ‘இட்டாஸ்கா’ என்னும் கப்பலில் ஏர்ஹார்ட்டின் குரல் உரத்துக் கேட்டது. காலை 7.42க்கு, தாங்கள் கப்பலுக்கு நேர்மேலே இருக்க வேண்டும் என்றும், ஆயினும் காண முடியவில்லை என்றும், எரிபொருள் குறைகின்றது என்றும் அவர் தெரிவித்தார். 8.43க்குத் தாங்கள் 157–337 என்னும் கோட்டில் வடக்கும் தெற்குமாகப் பறந்துகொண்டிருப்பதாக அறிவித்தார். அதன்பின் குரல் இல்லை.

அந்தக் கோடு எது? அன்று உதித்த கதிரவனின் திசைக்குக் குறுக்காகச் சென்ற கோடு அது. சிசெஸ்டரைக் காத்த அதே வகைக் கோடு. கிழக்கு நோக்கி எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பதை அது சொல்லும். அக்கோட்டின்மீது தீவுக்கு வடக்கே இருக்கின்றோமா, தெற்கே இருக்கின்றோமா என்பதைச் சொல்லாது. அந்த எஞ்சிய பாதியை வானொலி சொல்லும் என்று நம்பியே பயணம் வகுக்கப்பட்டது.

வானொலி கைவிட்டது. கப்பலிடம் ஏர்ஹார்ட் 7,500 கிலோசைக்கிள் அலைவரிசையில் ஒலி எழுப்பச் சொன்னார். அந்த ஒலியை அவர் கேட்கவும் செய்தார். ஆனால் அவருடைய திசையறி வளையம் அத்துணை உயர்ந்த அலைவரிசையில் திசை காட்ட வல்லதன்று. லேயில் புறப்படுவதற்கு முந்திய நாள் சோதனைப் பறப்பிலேயே அக்கருவி திசையைக் காட்டத் தவறியது. நிலையம் மிக அருகில் இருந்தமையே காரணம் என்று கருதப்பட்டு அது விடப்பட்டது. கப்பல் தந்தி மொழியில் செய்திகளை அனுப்பிற்று. விமானத்தில் இருந்த இருவரும் அம்மொழியில் பழகித் தேர்ந்தவர்களல்லர்.

இங்கே சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. ஏர்ஹார்ட் பயிற்சியைப் புறக்கணித்தவரல்லர். அவருடைய ஆலோசகர் பால் மான்ட்ஸ் லிங்கின் கருவியில் அவரை அமர்த்திக் கருவிப் பறப்பைப் பயிற்றியிருந்தார். நெடுங்கடல் கடந்த அனுபவமும் அவருக்கு உண்டு. நூனனோ அக்காலத்தின் தலைசிறந்த மீகாமன்களுள் ஒருவர். விமானம் செலுத்தும் திறனும், வானத்தைப் படிக்கும் திறனும் ஒருங்கே இருந்தன. ஒத்திகை பார்க்கப்படாமல் விடப்பட்டது ஒன்றே ஒன்று: கப்பலும் விமானமும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளும் கடைசி அரைமணி நேரம். எந்த அலைவரிசை, எந்த மொழி, எந்த நேரக் கணக்கு என்பவற்றை இரு தரப்பினரும் ஒருமுறை உடனிருந்து நடித்துப் பார்த்திருந்தால், பிழைகள் கரையிலேயே வெளிப்பட்டிருக்கும். ‘லெக்சிங்டன்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் பிற கப்பல்களும் இரண்டு வாரங்களுக்கு மேல் தேடின. ஒரு தடயமும் கிட்டவில்லை.

ஏர்ஹார்ட்டுக்காக ஹவ்லண்டில் மண்ணைச் சமன்செய்து ஓடுபாதை அமைத்திருந்தனர். அதில் அவர் இறங்கவே இல்லை. அத்தீவில் காவலிருந்தவர்கள் ஹவாயின் கமேஹமேஹா பள்ளியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் தேர்ந்து அனுப்பப்பட்ட இளைஞர்கள். பள்ளிப் படிப்பை அப்பொழுதுதான் முடித்திருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஹவ்லண்டைக் குண்டு வீசித் தாக்கியபோது அவர்களுள் இருவர் மாண்டனர். விமானத்தை வரவேற்க அமைந்த தீவு விமானத்தாலேயே அழிந்தது.

கூரைக்குள் மீண்டும் ஒரு வானம்

போர் மூண்டதும் இரவில் நெடுந்தொலைவு பறக்கும் மீகாமன்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டனர். மேகமற்ற இரவுகளுக்காகக் காத்திருந்து கற்பிக்க நேரமில்லை. வழிகாணும் கலையில் வல்லவரான வீம்ஸ் என்பவரின் துணையோடு லிங்க் 1941இல் ஒரு பெருங்கருவியை அமைத்தார். ஏறத்தாழ பதினான்கு மீட்டர் உயரமான கூண்டு அது. அதற்குள் ஒரு விமான அறை தொங்கியது. அதன்மேல் விண்மீன்கள் பொருத்திய குவிமாடம். பயணம் செல்லச் செல்ல, நேரத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப அம்மீன்கள் நகரும். மாணவன் அவற்றை அளந்து தன் இருப்பிடத்தைக் கணிப்பான். தவறினால், விமானம் ‘கடலில்’ விழும். அவனோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, ஆசிரியர் எதிரே நின்று, தவறிய இடத்தைக் கேட்டறிவான்.

கிரிபாட்டியின் பொதுமன்றக் கூரையை இங்கே நினையாதிருக்க இயலாது. ஈர்க்கும் கயிறும் போய் மின்விளக்கும் பொறியும் வந்தன. கூரையை வானமாக்கிக் கற்பிக்கும் கருத்து மட்டும் மாறவில்லை. இந்த உறவை உணர்ந்தவர் டாஸ்மேனியாவில் பிறந்த ஹரால்டு கட்டி. 1931இல் வைலி போஸ்டுடன் ஒன்பது நாளுக்குள் உலகை வலம்வந்த மீகாமன் அவர். கடலில் விழுந்து தெப்பத்தில் தத்தளிக்கும் வான்படையினர்க்காக, பறவைகளின் போக்கு, அலைகளின் அமைப்பு, மேகங்களின் நிறம் ஆகியவற்றால் தீவை அறியும் பசிபிக் மக்களின் அறிவைத் தொகுத்து 1943இல் ஒரு நூல் வெளியிட்டார். போருக்குப் பின் பீஜியில் குடியேறி, அந்நாட்டின் விமான நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. 1951இல் அதன் இரட்டைப் பொறிச் சிறு விமானம் பீஜியின் ஊர்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது.

அறிவு எதிர்த்திசையிலும் பாய்ந்தது. ஹவாய் மக்கள் கருவியின்றிக் கடல் கடக்கும் தம் முன்னோர் கலையை இழந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. 1976இல் ‘ஹோக்குலேயா’ என்னும் இரட்டை மரக்கலத்தை மௌ பியாய்லுக் ஹவாயிலிருந்து தாகித்திக்கு வழிகாட்டிச் சென்றார். கலையை மீட்க விரும்பிய நைனோவா தாம்சன் என்னும் ஹவாய் இளைஞர், ஹனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்திலுள்ள கோளரங்கில் நெடுநேரம் அமர்ந்து, குவிமாடத்தில் விண்மீன்கள் எழுவதையும் மறைவதையும் மீண்டும் மீண்டும் பார்த்துப் பயின்றார். மௌவிடம் கடலையும் கற்றார். 1980இல் கருவி எதுவுமின்றித் தாகித்திக்குச் சென்று திரும்பினார். மன்றக் கூரை, லிங்கின் கூண்டு, கோளரங்கின் குவிமாடம் ஆகிய மூன்றும் ஒரே பள்ளிக்கூடத்தின் மூன்று வகுப்பறைகள் எனலாம்.

திரையில் விரியும் கடல்

புரூஸ் ஆர்ட்விக் என்பவர் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் 1975இல் எழுதிய ஆய்வுரை, விமானம் பறப்பதைக் கணினியில் காட்டும் வழியை ஆராய்ந்தது. அவ்வழி வந்த நிரலை 1982இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்டது. கோடுகளாலான மலையும் புள்ளிகளாலான நகரமுமே அன்று திரையில் தோன்றின. மனிதன் பறக்கத் தொடங்கிய நூற்றாண்டு நிறைவையொட்டி 2003இல் வெளிவந்த பதிப்பில் டக்ளஸ் டிசி-3 முதலிய பழைய விமானங்களும் இடம்பெற்றன. 2020இல் வந்த பதிப்பு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகனைத்தையும் திரையில் விரித்தது. இன்று மாணவன் ஒருவன் விரும்பினால் 1937ஆம் ஆண்டின் எடையோடும் வேகத்தோடும் லேயிலிருந்து எழுந்து, ஹவ்லண்டைத் தேடலாம்.

அவ்வாறு தேடுவோர் விரைவில் உணர்வது ஒன்று. விமானத்தை நேராகச் செலுத்துவது கடினமன்று. பல மணி நேரம் கவனம் கலையாமல் கணக்கை எழுதி வருவதே கடினம். காற்று பக்கவாட்டில் மணிக்கு 20 கிலோமீட்டர் வீசி, அது அறியப்படாமற் போனால், பத்து மணி நேரத்தில் விமானம் 200 கிலோமீட்டர் ஒதுங்கிவிடும். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த இவ்வுண்மை, திரையில் தீவு தோன்ற வேண்டிய நேரத்தில் வெறுங்கடல் தோன்றும்போது நெஞ்சில் பதிகின்றது. இடமா, வலமா என்ற வினா அப்பொழுது அவனுடைய வினாவாகின்றது. சிசெஸ்டரின் அறிவை அவன் அந்த நொடியில்தான் மெய்யாகவே கற்கின்றான்.

பாவனைக்கு எல்லையும் உண்டு. பொறியின் பேரொலியும் பெட்ரோலின் நெடியும் உறக்கமின்மையும் திரையில் வாரா. உயிரச்சம் அறவே வாராது. தீவைக் காணாதவன் பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்குகின்றான். உல்முக்கும் ஏர்ஹார்ட்டுக்கும் நூனனுக்கும் அந்தப் பொத்தான் இருக்கவில்லை. அதனை மறந்து விளையாடினால், மாண்டவர்களின் கடைசி மணித்துளிகள் வெறும் பொழுதுபோக்காகிவிடும். மார்ஷல் தீவினர் ஈர்க்குப் படத்தைக் கரையில் விட்டுச் சென்றதன் பொருளும் இதுவே. பாவனை கடலுக்கு மாற்றாகாது. கடலுக்குச் செல்லும் வழியில் ஒரு படி.

ஆயினும் அப்படியின்றிக் கடலில் இறங்கியவர்கள் கொடுத்த விலையை வரலாறு காட்டுகின்றது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, செயற்கைக்கோள் இருக்கின்றதே என்று கருதி, விண்மீன் பார்த்து வழிகாணும் பாடத்தை 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் கைவிட்டது; கருவிகள் செயலிழக்க நேரிடலாம் என்பதை உணர்ந்து 2015இல் அதனை மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. பழைய அறிவு தேவைப்படும் நாளில் அதனைச் சொல்லித்தர ஆசிரியர் இருக்க வேண்டும். மௌ பியாய்லுக் தம் மரபுக்குப் புறத்தே இருந்த ஹவாய் மக்களுக்குக் கலையைக் கற்பித்தது அக்காரணம் பற்றியே. தம் தீவின் இளைஞர் அதனைக் கற்காமற் போனால் அது தம்மோடு அழிந்துவிடும் என்று அவர் அஞ்சினார்.

கற்பிப்பவன் கடமை எது என்ற வினாவிற்கு இவ்வரலாறு தெளிவான விடை தருகின்றது. மாணவன் பிழை செய்வதற்குரிய ஓர் இடத்தை, அப்பிழையால் அவன் அழியாத வண்ணம் அமைத்துத் தருவதே அக்கடமை. பாயின்மேல் அடுக்கிய கற்களும், மன்றத்தின் கூரையும், துருத்தியால் அசைந்த பெட்டியும், கணினியின் திரையும் அத்தகைய இடங்களே. வகுப்பறைக் கரும்பலகையும் அவ்வரிசையில் சேரும். அங்கே தவறாக எழுதிய விடையை அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். வெளியே விரிந்து கிடக்கும் கடலில் அழித்தெழுத முடியாது என்பதனால்தான், கரையிலிருக்கும் பொழுதைக் கற்பிப்போனும் கற்போனும் வீணாக்குதல் ஆகாது.